ஹெட்லைட் பல்ப் ஏன் நிற்பதில்லை

எரிந்துபோன பல்பைத் தூரப் போடாதீர்கள். இந்த அத்தியாயத்தில் உங்களுக்கான முதல் வேலை அதுதான். ஒரு தாளில் சுற்றி, எந்தப் பக்கத்துப் பல்ப், என்றைக்குப் போனது, டிம் போனதா பிரைட் போனதா என்று அந்தத் தாளிலேயே எழுதி வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்வார்குறிச்சியிலோ கடையத்திலோ அம்பையிலோ ஆட்டோ எலெக்ட்ரீசியன் கடைக்குப் போனால் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்:

“அண்ணாச்சி, வலது பக்க லைட்டு மறுபடியும் போயிட்டு.”

“கழத்துன பல்ப எங்க?”

“அத அன்னைக்கே தூரப் போட்டாச்சே.”

அதற்குமேல் அவர் என்ன செய்வார்? புதுசை மாட்டி அனுப்புவார். இரண்டு மாதம் கழித்து நீங்கள் திரும்ப வருவீர்கள். விலை குறைந்த சாமான் என்பதால் யாரும் காரணம் தேடுவதில்லை. நல்ல கம்பெனி ஹாலஜன் பல்ப், சரியாக மாட்டப்பட்டிருந்தால், சில நூறு மணி நேரம் எரிய வேண்டும். இரவு ஓட்டம் குறைவான வீட்டு வண்டிக்கு அது வருஷக்கணக்கு. அதற்கு முன்னால் ஒன்று போனால் அந்தப் பல்பின் விதி எனலாம். அடுத்ததும் போனால் குற்றம் வண்டியில் இருக்கிறது, அல்லது மாட்டிய கையில் இருக்கிறது.

நம் பக்கத்தில் ஹெட்லைட் படும் பாடும் கொஞ்சம் அதிகம். அம்பை–தென்காசி சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை. ஊர் முடிந்ததும் தெருவிளக்கும் முடிந்துவிடும். அப்புறம் இரண்டு பக்கமும் வயல், எதிரே டிம் செய்யாமல் வரும் லாரி, முன்னால் பின்விளக்கு இல்லாமல் அசைந்து போகும் வைக்கோல் டிராக்டர். சாரல் பிறந்தால் குற்றாலத்துக்கும், கார்த்திகை பிறந்தால் புளியரை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்கும் இரவெல்லாம் வண்டி ஓடும். வாடகைக் கார் வைத்திருப்பவருக்கு ஒரு சீசனிலேயே பல்பின் ஆயுள் முழுதும் தீர்ந்துபோவது நியாயம்தான். மற்றவர்களுக்கு நியாயமில்லை.

இழை ஏன் அறுகிறது

இன்னும் நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது எச்4 என்ற வகை. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். இழை டங்ஸ்டன். உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ். எரியும்போது ஏறத்தாழ 2,900 டிகிரியைத் தொட்டுவிடும். அதாவது உருகுவதற்குக் கொஞ்சம் கீழே நின்றுகொண்டு வேலை செய்கிறது.

அந்தச் சூட்டில் டங்ஸ்டன் மெல்ல மெல்ல ஆவியாகும். பழைய சாதா பல்பில் ஆவி கண்ணாடியில் படிந்து கறுத்துப்போகும். ஹாலஜன் பல்பில் அயோடினோ புரோமினோ சேர்ந்த வாயு இருக்கிறது. ஆவியான டங்ஸ்டனைப் பிடித்து மறுபடி இழையிலேயே கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் எங்கிருந்து போனதோ அதே இடத்தில் சேர்க்காது. ஆகவே இழையில் ஏதோ ஓரிடம் மெலிந்துகொண்டே போகும். மெலிந்த இடம் கூடுதலாகச் சுடும், கூடுதலாகச் சுடுவதால் இன்னும் மெலியும்.

அறுவது பெரும்பாலும் ஸ்விட்சைப் போடும் நொடியில். ஆறிய இழையின் மின்தடை, சுட்ட இழையினுடையதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். ஆகவே போட்டவுடன் கண்சிமிட்டும் நேரத்துக்குப் பல மடங்கு கரண்ட் பாய்கிறது. மெலிந்த இடம் அதைத் தாங்காது. “இப்போதானே போட்டேன், அதுக்குள்ள போயிட்டு” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

இரண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா

இதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. தாளில் தேதியும் பக்கமும் எழுதி வைக்கச் சொன்னதும் இதற்காகவே. இடதும் வலதும் மாறி மாறிப் போகிறதென்றால், அல்லது அடுத்தடுத்த வாரங்களில் இரண்டும் போகிறதென்றால், வோல்டேஜைச் சந்தேகப்படுங்கள். எப்போதும் ஒரே பக்கம்தான் போகிறதென்றால் வோல்டேஜை விட்டுவிடலாம். இரண்டு விளக்குக்கும் வருவது ஒரே பேட்டரியின் கரண்ட்; ஒன்றை மட்டும் அது கொல்லாது. கோளாறு அந்த விளக்கின் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு விதிவிலக்கு: இரண்டு பல்பையும் ஒரே நாளில் மாட்டியிருந்து, பல காலம் கழித்து இரண்டும் சேர்ந்து போனால் அது வயது. கவலைப்பட ஒன்றுமில்லை. ஒன்று வயதாகிப் போகும்போதே மற்றதையும் சேர்த்து மாற்றிவிடுவது அதனால்தான் நல்லது.

முதலில் வோல்டேஜ். பல்பின் மேல் 12 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், இந்த வகைப் பல்பின் வெளிச்சத்தையும் ஆயுளையும் சோதிப்பது 13.2 வோல்ட்டில். இதிலிருந்து 5 விழுக்காடு கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது விளக்குத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 5 விழுக்காடு என்பது அரை வோல்ட்டைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். வெளிச்சம் கூடும், கார்க்காரருக்குச் சந்தோஷமாகவும் இருக்கும். ஆயுள் மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

அளக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, இஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற வண்டியின் பேட்டரியில் வையுங்கள்: 12.4 முதல் 12.7 வரை காட்டினால் பேட்டரி சரி. அடுத்து ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, ஒருவரை ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தச் சொல்லி, 2,000 சுற்று அளவில் மறுபடி பாருங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 14.8க்கு மேலேயே நின்றால் பல்ப் நிற்காது. 15ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர், நம் கடைகளில் கட்டவுட் என்பார்களே அது, போய்விட்டது. பல்பை மறந்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியும் பின்னாலேயே போகும். இப்படி ஓவர்சார்ஜ் ஆகும் வண்டிக்கு வேறு அடையாளங்களும் உண்டு: பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பானெட்டைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை வரும், பிரேக் லைட்டும் நம்பர் பிளேட் லைட்டும்கூட அடிக்கடி போகும்.

புதிய வண்டிகள் சிலவற்றில் சார்ஜை இஞ்சின் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குகிறது. மீட்டரில் எண் ஆடும். சிறிது நேரம் 15ஐ ஒட்டிப் போவதும் உண்டு. அந்த வண்டிகளில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். கம்பெனி சர்வீஸில் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதே சரி.

ஆல்டர்னேட்டரில் லூகாஸ்-டிவிஎஸ் என்று பொறித்திருந்தால், அந்தப் பெயரின் பின்பாதி நம் சீமையிலிருந்து போனது: டி.வி.சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடிக்காரர். ஆழ்வார்குறிச்சிக்கும் பங்கு இல்லாமல் இல்லை. சிம்ப்சனையும் டாஃபே டிராக்டரையும் உள்ளடக்கிய அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டி எழுப்பிய எஸ்.அனந்தராமகிருஷ்ணன் இந்த ஊரில் பிறந்தவர். பிஸ்டனும் டிராக்டரும் செய்து நாட்டுக்கு அனுப்பியவரின் ஊரில், ஓடுகிற இஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்து “டைனமோ நல்லாத்தான் இருக்கு” என்று சொல்கிற பழக்கம் இன்னும் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. டைனமோ இருந்த காலத்து வித்தை அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் பேட்டரியைப் பிரித்த அந்தக் கணத்தில் வோல்டேஜ் குதிக்கும். பல்ப் போனால் சின்னச் செலவு, டையோடோ கம்ப்யூட்டரோ போனால் பெரிய செலவு. யாராவது உங்கள் வண்டியில் அதைச் செய்யப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பேட்டரி டெர்மினல் லூசாக இருந்தால் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் இதே குதிப்பு தானாகவே நடக்கும். கையால் அசைத்துப் பாருங்கள், அசையக் கூடாது. பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், முதலில் மைனஸையும் பிறகு பிளஸையும் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துலக்கி, காயவிட்டு முறுக்கி, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். ரெகுலேட்டர் தனியாக மாட்டிய பழைய வண்டியில் அதன் எர்த்தையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். எர்த் கெட்ட ரெகுலேட்டர், உள்ளதைவிடக் குறைந்த வோல்டேஜ் இருப்பதாக நினைத்துக்கொண்டு மேலும் மேலும் ஏற்றும்.

போன பல்ப் சொல்வது

இப்போது தாளைப் பிரித்து பல்பைப் பகல் வெளிச்சத்தில் பிடியுங்கள். லென்ஸ் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

கண்ணாடி பளிச்சென்று இருந்து, இழை ஓரிடத்தில் வெடுக்கென்று முறிந்திருந்தால், அதுவும் மாட்டிய சில வாரங்களிலேயே என்றால், அதிர்ச்சி. இழையின் முனையில் கடுகுபோல உருண்டை திரண்டு, கண்ணாடியில் சாம்பலோ கருப்போ வெள்ளிப் பூச்சோ படிந்திருந்தால் ஓவர் வோல்டேஜ், இல்லையென்றால் முழு ஆயுளும் தீர்ந்த பல்ப். தேதி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கண்ணாடிக்குள் பால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொடி அப்பியிருந்தால் உள்ளே காற்று புகுந்து இழை கருகியிருக்கிறது: கண்ணாடியில் விரிசல், அல்லது அடிப்பாகத்தில் ஒட்டுச் சரியில்லாத மட்டமான சரக்கு. கண்ணாடி ஓரிடத்தில் மட்டும் மங்கியோ கொப்புளம்போலப் புடைத்தோ இருந்தால், அங்கே யாருடைய விரலோ பட்டிருக்கிறது. பின்கள் பழுப்பேறி, ஹோல்டரின் பிளாஸ்டிக் இளகியிருந்தால் பல்பைக் குற்றம் சொல்லவே வேண்டாம்.

விரல் விஷயம் பலருக்கு மூடநம்பிக்கையாகத் தோன்றுகிறது. இல்லை. எச்4-இன் கண்ணாடி குவார்ட்ஸ். ஹாலஜன் சுழற்சி நடக்க அதன் சுவர் 250 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும். எரியும்போது அதைவிட வெகுவாகச் சுடும். விரலில் உள்ள எண்ணெயும் உப்பும் அந்தச் சூட்டில் குவார்ட்ஸோடு சேர்ந்து அந்த இடத்தைக் கெடுத்துவிடும். அங்கே கண்ணாடி மங்கும், சூடு தங்கும், புடைக்கும், விரியும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு பல்பைத் துடைத்து மாட்டுகிற நம்மூர்ப் பழக்கத்துக்கு எந்தக் கம்பெனி பல்பும் தாங்காது. உலோக அடிப்பாகத்தை மட்டும் பிடியுங்கள். கை பட்டுவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலரவிட்டு மாட்டுங்கள். மெக்கானிக் மாட்டினாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். கிரீஸ் கையோடு எடுத்தால் தயங்காமல் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

மாட்டும்போது இன்னும் இரண்டு விஷயம். பல்பின் தட்டில் மூன்று காது உண்டு, ஒன்று மற்ற இரண்டைவிட அகலம். அந்தக் காதுகள் கூட்டின் வெட்டுகளில் முழுதாக உட்கார்ந்த பிறகே கம்பி கிளிப்பை மாட்ட வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த பல்ப் ஒவ்வொரு வேகத்தடையிலும் உள்ளே ஆடும். சுட்ட டங்ஸ்டன் இழை இளகலாக இருக்கும்போது அந்த ஆட்டம் போதும், கதை முடிந்துவிடும். ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் போவதற்கு நான் முதலில் பார்ப்பது இந்தக் கிளிப்பைத்தான். அடுத்தது விளக்குக் கூட்டையே பிடித்து அசைத்துப் பார்ப்பது. பம்பர் இடித்து டிங்கரிங் பார்த்த வண்டிகளில் கூட்டின் ஒரு காது உடைந்து கேபிள் டை போட்டு நிறுத்தியிருப்பார்கள். வெளியில் தெரியாது. பல்புக்குத் தெரியும்.

கிளிப்பின் மேலே வரும் ரப்பர் கவர் இரண்டாவது. பல்ப் மாற்றும் அவசரத்தில் இதைத் தூக்கி எறிந்துவிட்ட வண்டிகள் ஏராளம். அது இல்லாவிட்டால் மழையில் சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீரும், வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீரும் நேரே உள்ளே போகும். சுட்ட குவார்ட்ஸில் ஒரு சொட்டு பட்டால் விரிசல் விழலாம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் இரண்டு பக்கமும் கவர் இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மாடலுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். அதற்குப் பதிலாகக் கூட்டைச் சுற்றி சிலிகான் பூசி அடைக்கச் சொல்பவர்கள் உண்டு. காற்றுப் போக்குத் துளையும் சேர்ந்து அடைபட்டு, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் விளக்கு நிரந்தரமாகப் புழுங்கும்.

ஹோல்டர் இளகியிருந்தால் புது ஹோல்டர் வாங்கி, பழைய ஒயரை முறுக்கி டேப் ஒட்டாமல், சால்டர் வைத்து மாட்டச் சொல்லுங்கள். எர்த்தையும் அளந்துவிடலாம்: லைட் எரியும்போது ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. ஸ்விட்சை எர்த் பக்கம் வைத்திருக்கும் சில வண்டிகளில் இது சற்றுக் கூடலாம். எர்த் கெட்ட விளக்கு மஞ்சளாக அழுதுகொண்டு எரியும். “பல்ப் டல்லாயிட்டு” என்று அதையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

100 வாட் ஆசை

வெளிச்சம் போதவில்லை என்றதும் கடைக்காரர் 100/90 வாட் பல்பை எடுத்து நீட்டுவார். 60 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கும் மேல். கம்பெனி ஒயரும் ஸ்விட்சும் ஹோல்டரும் அதற்குச் செய்தவை அல்ல. முதலில் ஹோல்டர் இளகும், அப்புறம் ரிஃப்ளெக்டரின் வெள்ளி உரியும். வெள்ளி உரிந்த கூட்டில் எந்தப் பல்பை மாட்டினாலும் வெளிச்சம் வராது. சட்டப்படியும் சரியில்லை: மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. நீலப் பூச்சுப் பல்பும் கூடுதல் வெளிச்சம் என்று உறையில் எழுதிய பல்பும் வேறு ரகம்; வாட் கூடாது, ஆனால் இழையைக் கூடுதலாகச் சுட வைத்துத்தான் அந்த வெளிச்சத்தை எடுக்கிறார்கள். ஆயுளை விற்று வெளிச்சம் வாங்குவது அது. தெரிந்தே வாங்கினால் குறையொன்றுமில்லை.

ரிலே போட்டுத் தடித்த ஒயர் இழுப்பது நல்ல வேலை. நானே அதைச் சிபாரிசு செய்வேன். ஆனால் ஒரு விஷயம் தெரிந்து செய்யுங்கள். பழைய மெல்லிய ஒயரில் வழியிலேயே அரை வோல்ட், சில வண்டிகளில் அதற்கு மேலும், இறங்கிக்கொண்டிருந்தது. ரிலே போட்ட பிறகு அந்த அரை வோல்ட்டும் பல்புக்கே வந்து சேரும். வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் கூடும், பல்ப் முன்னைவிடச் சீக்கிரம் போகும். ஒயரிங் பார்த்தவரை அதற்காகத் திட்டாதீர்கள்.

பல வண்டிகளுக்கு உண்மையில் தேவைப்படுவது இது எதுவுமே இல்லை. வெயிலில் நின்று நின்று மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் லென்ஸைப் பாலிஷ் போட்டாலே தொலைந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஹாலஜனுக்குச் செய்த கூட்டில் எல்இடி பல்பைச் சொருகுவதை நான் சொல்லமாட்டேன். ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்து வடித்தது; எல்இடியின் வெளிச்சம் வேறு இடத்திலிருந்து புறப்பட்டு எதிரே வருகிறவர் கண்ணில் போய்க் குத்தும்.

வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் இருந்தால் அங்கே கணக்கு வேறு. 2017 ஏப்ரல் 1 முதல் வந்த இருசக்கர வண்டிகளில் இஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் எரிய வேண்டும் என்பது விதி. பகலிலும் எரிகிற ஹாலஜன் பல்ப், பழைய வண்டியின் பல்பைவிடப் பல மடங்கு சீக்கிரம் தீர்ந்துதான் போகும்.

மாட்டிய பிறகு

பல்ப் மாற்றிய அன்று இரவே வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எதிரே சுவர் இருக்கும் சமதளம் வேண்டும். நெல் காயப்போடும் சிமெண்ட் களம் பக்கத்தில் இருந்தால் வசதி. டயரில் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் உள்ள மூட்டைகளை இறக்கிவிட்டு, வண்டியைச் சுவரோடு ஒட்ட நிறுத்தி இரண்டு விளக்கின் நடு உயரத்தையும் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் குறியுங்கள். நேரே பின்னால் 7.5 மீட்டர் வந்து டிம்மைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு குறியிலிருந்து ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். விளக்குக் கூட்டிலோ பானெட்டுக்குள்ளோ இறக்க அளவு விழுக்காட்டில் அச்சிட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 விழுக்காடு என்பது இந்தத் தூரத்தில் அதே 7.5 சென்டிமீட்டர். நம் நாட்டு வண்டியில் விளிம்பின் இடதுபக்கம் மேல்நோக்கி ஏறும், வலதுபக்கம் தட்டையாக நிற்கும். ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் சிதறியோ மேலே தூக்கியோ தெரிந்தால் அட்ஜஸ்ட் ஸ்குரூவைத் திருகாதீர்கள். முதலில் பல்பை ஆறவிட்டுக் கழற்றி, அகலமான காது அதன் வெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.